பதறாத காரியம் சிதறாது: ரெய்டு வன்தட்டுகளும் நம் பொறுப்பும்

"பதறாத காரியம் சிதறாது" என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். கல்யாண வீட்டுக்கும் தேர்வு மண்டபத்துக்கும் பொருந்துகிற இந்தப் பழமொழி கணினி அறைக்கும் அப்படியே பொருந்தும். நம்மில் பலர் இன்று ஏதோ ஒரு வகையில் கணினியை நம்பித்தான் படிக்கிறோம். ஆய்வேடு, திட்டப்பணி, கழகத்தின் நிழற்படங்கள், கணக்குகள் என அனைத்தும் எங்கோ ஓர் அறையில் இரைந்துகொண்டிருக்கும் சர்வர் எனப்படும் வழங்கிக் கணினிக்குள் இருக்கின்றன. அந்த வழங்கி ஒருநாள் படுத்துவிட்டால் என்ன செய்வது? இக்கட்டுரை அதைப் பற்றியதுதான். கணினித் துறை மாணவர்களுக்கு மட்டும் உரியது என்று எண்ணி மற்றவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மென்பொருள் ரெய்டு முறையில் இயங்கும் ஒரு வழங்கி விழும்போது, நம் கோப்புகளை அழிப்பது பெரும்பாலும் பழுதான வன்தட்டு அன்று. படிக்கப்படாத எச்சரிக்கையும் பதற்றத்தில் தட்டப்படும் கட்டளையுமே அழிக்கின்றன. இவை இரண்டும் மனிதக் குறைகள். ஆகவே இரண்டையும் திருத்திக்கொள்ள முடியும்.

ரெய்டு என்றால் என்ன?

1988ஆம் ஆண்டு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் ஆகிய மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலை உயர்ந்த ஒரே பெரிய வன்தட்டை நம்பியிருப்பதைவிட, மலிவான பல சிறிய தட்டுகளை ஒன்றாகக் கட்டிப் பயன்படுத்தலாம் என்பது அவர்களின் வாதம். தட்டுகள் பலவானால் பழுதும் அடிக்கடி வரும். ஆகவே ஒரு தட்டு போனாலும் மற்றவை ஈடுகொடுக்கும்படி தகவலைச் சற்று மிகையாக எழுதி வைக்க வேண்டும் என்றார்கள். இந்த ஏற்பாட்டுக்குத்தான் ரெய்டு என்று பெயர்.

ரெய்டு 1 என்பது ஒரே தகவலை இரண்டு தட்டுகளில் எழுதுவது. ரெய்டு 5 சற்று நுட்பமானது. மூன்று பாடங்களின் மதிப்பெண்களையும் அவற்றின் கூட்டுத்தொகையையும் நான்கு தாள்களில் எழுதி வைப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாள் தொலைந்துபோனால் மீதி மூன்றைக் கொண்டு கழித்துப் பார்த்து அந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு தாள்கள் தொலைந்தால் முடியாது. ரெய்டு 5 அப்படித்தான்: ஒரு தட்டு போகலாம், இரண்டு போகக்கூடாது. ரெய்டு 6 முறையில் இரண்டு தட்டுகள் போனாலும் தாங்கும்.

இந்தக் கணக்கைச் செய்ய விலை உயர்ந்த தனி அட்டை ஒன்றைப் பொருத்தலாம். அல்லது இயங்குதளத்தையே செய்யச் சொல்லலாம். இரண்டாவது வழிதான் மென்பொருள் ரெய்டு. யூனிக்ஸ் குடும்பத்தில் சோலாரிஸ், ஃபிரீபிஎஸ்டி, லினக்ஸ் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஏற்பாடு உண்டு. லினக்சில் அதன் பெயர் எம்டி. அதை நிர்வகிக்க ஆஸ்திரேலியரான நீல் பிரவுன் எழுதிய எம்டிஆட்மின் என்னும் கருவி பயன்படுகிறது. இதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியதில்லை. பல்கலைக்கழகக் கணினிக்கூடங்கள் இதை விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கண் முன்னே நடந்தது

சென்ற ஆண்டு எங்கள் துறையின் வழங்கி ஒன்று விழுந்தது. பழைய இயந்திரம், நான்கு தட்டுகள், ரெய்டு 5. அதில் இறுதியாண்டு மாணவர் சிலரின் திட்டப்பணிகள் இருந்தன. ஒப்படைக்க இரண்டு வாரம்தான் பாக்கி. நம் கழக உறுப்பினர்கள் தோட்டப்புறங்களுக்குச் சென்று, பால்மரம் வெட்டிய பெரியவர்களிடம் பதிவு செய்த பேச்சுகளும் அதில்தான் இருந்தன. அப்படிப் பேசிய பாட்டி ஒருவர் அதற்குள் காலமாகிவிட்டார். திட்டப்பணியை இரவு பகலாக உட்கார்ந்து மறுபடியும் எழுதிவிடலாம். அந்தப் பாட்டியை மறுபடியும் பேசச் சொல்ல யாராலும் முடியாது.

கூடி நின்ற மாணவர்களிடையே ஆளுக்கொரு யோசனை. ஒருவர் உடனே இயந்திரத்தை அணைத்துப் போடலாம் என்றார். இன்னொருவர் அதே நான்கு தட்டுகளை வைத்து ரெய்டைப் புதிதாக உருவாக்கிவிட்டால் சரியாகிவிடும் என்றார். கணினிக்கூடத்துக்குப் பொறுப்பான தொழில்நுட்பர் ஒரு மலாய்க்காரர். நாங்கள் அபாங் என்றுதான் அழைப்போம். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஜாங்ஙான் செந்தோ டூலு" என்றார். முதலில் எதையும் தொடாதீர்கள் என்று பொருள். பிறகு ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திரையில் தெரிந்ததை எல்லாம் எழுதத் தொடங்கினார். அன்று எங்களைக் காப்பாற்றியது அந்த ஒரு சொல்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

நோய் நாடுதல்

திருக்குறளின் 95ஆவது அதிகாரம் மருந்து. நோய் எது, அதன் காரணம் எது, தணிக்கும் வழி எது என்று வரிசையாக ஆராய்ந்த பின்னரே செயலில் இறங்க வேண்டும் என்று வள்ளுவர் அதில் மருத்துவருக்குச் சொல்கிறார். வழங்கி விழும்போது நாம் பின்பற்ற வேண்டியதும் இதே வரிசைதான்.

முதலில் நோய். லினக்சில் எம்டிஸ்டாட் என்றொரு கோப்பு இருக்கிறது. அதைத் திறந்தாலே எந்த ரெய்டு எந்த நிலையில் உள்ளது என்று தெரிந்துவிடும். நன்றாக இயங்கும் தட்டுக்கு யு என்ற ஆங்கில எழுத்தும், விழுந்த தட்டுக்கு ஒரு கீழ்க்கோடும் காட்டும். அடுத்து, எம்டிஆட்மின் கருவியைக் கொண்டு ஒவ்வொரு தட்டையும் ஆராயச் சொன்னால், ரெய்டைப் பற்றி அந்தத் தட்டு வைத்திருக்கும் குறிப்புகளைக் காட்டும். இது படிக்கும் வேலை மட்டுமே, எதையும் மாற்றாது. அந்தக் குறிப்புகளில் மிக முக்கியமானது நிகழ்வெண். ரெய்டின் நிலை மாறும்போதெல்லாம் இந்த எண் கூடிக்கொண்டே போகும். ஒரு தட்டு விலகிவிட்டால் அதன் எண் அங்கேயே நின்றுவிடும். ஆகவே எந்தத் தட்டு முதலில் விழுந்தது, எது பிறகு விழுந்தது என்பதை இந்த எண்ணே சொல்லிவிடும்.

எங்கள் வழங்கியில் இரண்டு தட்டுகளின் எண் ஒன்றாக இருந்தது. மூன்றாவது தட்டு ஆறு எண்கள் மட்டுமே குறைவு. நான்காவதோ பல்லாயிரம் பின்தங்கியிருந்தது. அதாவது நான்காவது தட்டு பல மாதங்களுக்கு முன்பே விழுந்துவிட்டது. அன்றிலிருந்து வழங்கி ஒற்றைக் காலில் நின்றிருக்கிறது; யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவதும் விலகிய அன்றுதான் மொத்தமும் சாய்ந்தது.

இதில் வருத்தம் என்னவென்றால், வழங்கி வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. எம்டிஆட்மினுக்குக் கண்காணிப்பு வேலையும் உண்டு. தட்டு விழுந்தால் அது மின்னஞ்சல் அனுப்பும். ஆனால் டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் வேறு முகவரி கொடுக்காவிட்டால், அந்தக் கடிதம் அதே இயந்திரத்தில் ரூட் என்னும் நிர்வாகக் கணக்குக்குத்தான் போகும். அந்தப் பெட்டியை யார் திறந்து பார்க்கிறார்கள்? எங்கள் வழங்கியிலும் கடிதம் தேதியோடு கிடந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

நோய் முதல் நாடுதல்

இரண்டாவதாகக் காரணம். ரெய்டிலிருந்து ஒரு தட்டு விலக்கப்பட்டது என்றால் அது செத்துவிட்டது என்று பொருள் அன்று. ஸ்மார்ட் எனப்படும் தற்பரிசோதனைக் குறிப்புகளை ஒவ்வொரு தட்டும் வைத்திருக்கிறது. கெட்டுப்போய் வேறிடம் மாற்றப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனால் தட்டுக்கு உண்மையிலேயே முதுமை வந்துவிட்டது. அவை பூச்சியமாக இருந்து, சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை மட்டும் ஏறியிருந்தால் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். எங்கள் மூன்றாவது தட்டு இந்த இரண்டாம் வகை. சில ரிங்கிட் விலையுள்ள கம்பி ஒன்று தளர்ந்துபோனதால், நல்ல தட்டு ஒன்று நோயாளிப் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது.

இன்னொரு காரணமும் அடிக்கடி காணப்படுகிறது. வீட்டுக் கணினிக்காகச் செய்யப்பட்ட மலிவான தட்டுகளில் பல, ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் விடாமல் நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். லினக்ஸ் கெர்னல் வழக்கமாக 30 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால் அது தொடர்பை அறுத்து மறுபடி இணைக்கப் பார்க்கும். அந்தக் குழப்பத்தில் ரெய்டு அந்தத் தட்டையே தள்ளி வைத்துவிடும். ரெய்டுக்கென்று செய்யப்படும் தட்டுகள் ஏறத்தாழ 7 வினாடியில் "முடியவில்லை" என்று ஒப்புக்கொண்டுவிடும். ரெய்டும் மற்ற தட்டுகளிலிருந்து அந்தப் பகுதியைக் கணக்கிட்டுக்கொள்ளும். ஆகவே வாங்கும்போதே எந்த வகைத் தட்டு என்று பார்த்து வாங்க வேண்டும். இருக்கும் தட்டுகளில் அந்த நேர அளவை மாற்ற முடியுமா என்றும் பார்க்க வேண்டும்.

இந்தக் காரணங்களை எல்லாம் கெர்னலின் செய்திப் பதிவில் படிக்கலாம். இயந்திரத்தை அவசரமாக அணைத்துப் போட்டால் நினைவகத்தில் உள்ள அந்தச் செய்திகள் மறைந்துவிடும். அவற்றை எழுதி வைக்க வேண்டிய தட்டே விழுந்திருந்தால் பிறகு எங்கும் கிடைக்காது. சோலாரிஸ் இயங்குதளத்தில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. அங்கே ரெய்டின் நிலையைக் குறிக்கும் பதிவின் படிகளைப் பல தட்டுகளில் வைத்திருப்பார்கள். அவற்றில் சரிபாதி இருந்தால் ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் தொடர்ந்து ஓடும். ஆனால் அணைத்துவிட்டு மறுபடி வழக்கம்போல் எழுப்ப வேண்டுமென்றால் பாதிக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டே தட்டுகளில் சம அளவாகப் பிரித்து வைத்து, ஒரு தட்டு போய்விட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த வழங்கி மறுதொடக்கத்துக்குப் பிறகு எழுந்திருக்காது. அணைத்துப் போடுவது எல்லா நோய்க்கும் மருந்தாகாது.

தணிக்கும் வழி

மூன்றாவதாகத்தான் மருந்து. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரெய்டைப் புதிதாக உருவாக்கும் கட்டளை கேட்பதற்கு நல்ல தீர்வுபோல் தோன்றும். உண்மையில் அது தட்டுகளில் இருந்த பழைய குறிப்புகளை அழித்துப் புதியவற்றை எழுதுகிறது. தட்டுகளின் வரிசை, துண்டு அளவு, தகவல் தொடங்கும் இடம் ஆகிய அனைத்தும் பழையபடியே அமைந்தால்தான் கோப்புகள் தெரியும். எம்டிஆட்மினின் பழைய பதிப்புகளில் இயல்பான துண்டு அளவு 64 கிலோபைட். பின்னர் வந்தவற்றில் 512 கிலோபைட். பழைய வழங்கியில் புதிய கருவியைக் கொண்டு யோசிக்காமல் உருவாக்கினால் என்ன ஆகும்? மேலும், ரெய்டு 5 புதிதாக உருவாகும்போது இயல்பாகவே கடைசித் தட்டின் மீது கணக்கிட்டு எழுதத் தொடங்கிவிடும். பிழையான வரிசையில் அது எழுத எழுத, மீட்கக்கூடியதாக இருந்த தகவலும் போய்விடும்.

அபாங் செய்தது வேறு. முதலில் கம்பியை மாற்றினார். மூன்று தட்டுகளையும் டிடிரெஸ்கியூ என்னும் கருவியைக் கொண்டு புதிய தட்டுகளில் அப்படியே படியெடுத்தார். இதற்கே ஒரு முழு நாள் போயிற்று. பிறகு, பல மாதம் பின்தங்கிய தட்டை ஒதுக்கிவிட்டு, அந்த மூன்று படிகளை மட்டும் வைத்து ரெய்டைப் பழைய குறிப்புகளின்படியே மறுபடி கோத்தார். ஆறு எண்கள் குறைந்த தட்டைக் கருவி தானாக ஏற்காது. வற்புறுத்திச் சேர்க்க வேண்டும். அவர் அதைத் தெரிந்தே செய்தார். படிக்க மட்டும் முடியும் நிலையில் திறந்தார். கோப்புகள் தெரிந்தன. உடனே அனைத்தையும் வேறோர் இயந்திரத்துக்கு மாற்றினார். விழுந்த நேரத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த சில கோப்புகள் மட்டும் கெட்டிருந்தன. பாட்டியின் குரல் பத்திரமாக இருந்தது. பழைய தட்டை ஆராயாமல் சேர்த்திருந்தால், பல மாதத்துக்கு முந்தைய தகவலும் புதிய தகவலும் கலந்து எதுவுமே உருப்படியாகக் கிடைத்திருக்காது.

சொல்லப்படும் மறுப்புகள்

இலவச மென்பொருளை நம்பியதால்தான் இந்தக் கதி, தனி அட்டை வாங்கியிருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று அப்போது சிலர் பேசிக்கொண்டார்கள். நான் இதை ஏற்கவில்லை. தனி அட்டையிலும் தட்டு விழும்; அதன் எச்சரிக்கை ஒலியையும் யாராவது கேட்க வேண்டும். அந்த அட்டையே பழுதானால் பெரும்பாலும் அதே வகை அட்டையைத் தேடி அலைய வேண்டும். மென்பொருள் ரெய்டின் தட்டுகளையோ வேறொரு லினக்ஸ் கணினியில் செருகிப் படித்துவிடலாம். எங்கள் வழங்கியில் கருவி தன் கடமையைச் செய்தது, கடிதமும் எழுதியது. படிக்காதது மனிதர்கள்.

இன்னொரு மறுப்பு: "இது மேகக் கணிமைக் காலம், வன்தட்டைப் பற்றி நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" 2017ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததை நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களின் தரவுத்தளம் மேக வழங்கியில்தான் இருந்தது. இரவு நேரத்தில் ஒரு கோளாறைச் சரிசெய்ய முயன்ற பொறியாளர், துணை வழங்கியில் அழிக்க வேண்டிய கோப்பகத்தை முதன்மை வழங்கியில் அழித்துவிட்டார். ஏறத்தாழ 300 கிகாபைட் தகவல் நொடிகளில் போயிற்று. காப்பு நகலைத் தேடியபோது, ஓடிக்கொண்டிருப்பதாக நம்பியிருந்த ஏற்பாடுகள் பல வேலையே செய்யவில்லை என்பது தெரியவந்தது. தற்செயலாக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்திருந்த ஒரு படிதான் கைகொடுத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான். அங்கே எந்தத் தட்டும் பழுதாகவில்லை. அழி என்று சொன்னால் ரெய்டு எல்லாத் தட்டுகளிலிருந்தும் சமமாக அழிக்கும். ஆகவேதான் ரெய்டு வேறு, காப்பு நகல் வேறு. ஒரு தட்டு போனாலும் வேலை நிற்காமல் ஓடச் செய்வது ரெய்டு. கை தவறினாலும், திருடு போனாலும், வெள்ளம் புகுந்தாலும் திரும்பக் கொடுப்பது காப்பு நகல்.

அந்நிறுவனம் நடந்ததை மூடி மறைக்காமல் படிப்படியாக எழுதி வெளியிட்டது. அதனால்தான் எங்கோ படிக்கும் நமக்கும் அது பாடமாகிறது. இந்தப் பண்பை நாமும் கற்றுக்கொள்ள வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

இவற்றை எல்லாம் துறையின் தலையில் மட்டும் கட்டிவிட்டு நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. கழகத்தின் சொத்து நம் பொறுப்பு. என் பரிந்துரைகள் இவை.

ஒன்று, வழங்கி அனுப்பும் எச்சரிக்கை மின்னஞ்சல் குறைந்தது மூன்று பேருக்குப் போக வேண்டும். ஒருவர் பட்டம் பெற்றுப் போனாலும் மற்றவர் பார்ப்பார். அந்தக் கடிதம் உண்மையில் வந்து சேர்கிறதா என்பதை ஒரு சோதனைக் கடிதம் அனுப்பிப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டு, மாதம் ஒருமுறை ரெய்டு முழுவதையும் படித்துச் சோதிக்க வேண்டும். டெபியனில் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று இது தானாக நடக்கும்படி ஏற்பாடு உண்டு. யாரும் திறக்காத கோப்புகளில் ஒளிந்திருக்கும் கெட்ட பகுதிகள் இப்படித்தான் முன்கூட்டியே தெரியவரும். இல்லாவிட்டால், ஒரு தட்டு போய் மறுசீரமைப்பு நடக்கும்போதுதான் அவை தலைகாட்டும். 4 டெராபைட் தட்டு ஒன்றை வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் நிரப்பவே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் மற்றத் தட்டுகள் ஒரு பிழையும் இன்றி உழைக்க வேண்டும்.

மூன்று, எந்த வரிசை எண் கொண்ட தட்டு எந்த இடத்தில் செருகப்பட்டுள்ளது, ரெய்டின் குறிப்புகள் என்ன என்பவற்றை ஒரு தாளில் அச்சிட்டு வழங்கிக்கு வெளியே வைக்க வேண்டும். பழுதான தட்டைக் கழற்றுவதாக எண்ணி நல்ல தட்டைக் கழற்றும் ஆபத்து இதனால் நீங்கும்.

நான்கு, பெரியவர்களின் குரல் பதிவுகளும் பழைய ஆண்டு மலர்களும் வேறொரு கட்டடத்தில் இன்னொரு படியாக இருக்க வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை அந்தப் படியிலிருந்து ஏதேனும் ஒரு கோப்பைத் திறந்து கேட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்பு நகலை நம்ப முடியாது.

ஐந்து, இந்த வழிமுறைகளைத் தமிழிலும் எழுதி வைக்க வேண்டும். தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன என்னைப் போன்றவர்கள் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்துப் பழகிவிட்டோம். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் நள்ளிரவில் வழங்கி விழுந்து, பொறுப்பில் இருப்பவர் முதலாமாண்டு மாணவராக இருந்தால், முதலில் எதைத் தொடக்கூடாது என்பதைத் தாய்மொழியில் நான்கு வரி படித்தால் மனம் தெளியும். கழகத்தின் செயலவை மாறும்போது கணக்குப் புத்தகத்தை ஒப்படைப்பது போல இந்தக் குறிப்பேட்டையும் ஒப்படைக்க வேண்டும்.

அன்பு நண்பர்களே, வன்தட்டு என்பது சுழலும் ஓர் இயந்திரம். அது ஒருநாள் பழுதாகியே தீரும். பழுதாகும் தட்டை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் எச்சரிக்கையைப் படிக்கவும், காரணத்தை ஆராயவும், அதன்பிறகு கை வைக்கவும் முடியும். நம்மை நம்பித் தங்கள் வாழ்க்கையைப் பேசிப் பதிவு செய்த பெரியவர்களுக்கு நாம் காட்டக்கூடிய மரியாதையும் அதுவே. இந்தப் பருவம் முடிவதற்குள் கழக வழங்கியின் எச்சரிக்கைக் கடிதம் யாருக்குப் போகிறது என்று செயலவையினர் பார்ப்பார்களா? இன்றே பார்த்தால் இன்னும் நல்லது.